மாணவரின் சான்றுக் கோவை

சொந்த ஊரில் இன்னார் மகன், இன்னார் மகள் என்ற பெயரே பாதிச் சான்றாகிவிடுகிறது. ஐதராபாத் போன்ற அயல் மாநகரில் வாழும் நம்மவருக்கு அவ்வசதி இல்லை. நேர்முகத் தேர்வில் எதிரே அமர்ந்திருப்பவர் நம் குடும்பத்தை அறியார்; நம் பிள்ளையின் கையிலுள்ள தாள்களையே அறிவார். மேற்படிப்பும் உத்தியோகமும் நாடும் அறிவியல் மாணவர் அத்தாள்களை எவ்வாறு ஒரு கோவையாகத் தொகுக்கலாம் என்பதை இங்கே ஆராய்வோம். இக்கோவைக்கு இரண்டு பகுதிகள் வேண்டும்: செய்த வேலையைக் காட்டுவது ஒன்று, செய்தவர் யார் எனக் காட்டுவது மற்றொன்று.

முதலாவது, சோதனைச் சாலைக் குறிப்பு. இதன் பெருமையை உணர நாம் வெகு தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இராணுவ மருத்துவரான ரொனால்டு ராஸ் ஆராய்ச்சி செய்த கட்டடம் இந்நகரின் பேகம்பேட்டையில் இன்றும் நிற்கிறது. 1897 ஆகஸ்டு 20 அன்று, மலேரியா நோயாளியின் இரத்தத்தைக் குடித்திருந்த கொசு ஒன்றை அவர் அறுத்துப் பார்த்து, அதன் இரைப்பைச் சுவரில் கருநிறத் துகள்கள் கொண்ட அணுக்களைக் கண்டார். மறுநாள் மற்றொரு கொசுவை அறுத்தார். அதில் அவ்வணுக்கள் இன்னும் பெரியனவாக இருந்தன. இரு கொசுக்களும் ஒரே நாளில் இரத்தம் குடித்தவை. ஆகவே, அவ்வணுக்கள் கொசுவின் உடலில் வளர்கின்றன என்று அவர் உய்த்துணர்ந்தார். 1902இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. எந்தக் கொசு எந்நாளில் இரத்தம் குடித்தது, எந்நாளில் அறுக்கப்பட்டது என்ற கணக்கு இல்லாதிருந்தால், வளர்ச்சி என்னும் முடிவுக்கே இடமிராது.

நம் மாணவர் கற்க வேண்டிய பாடமும் இதுவே: செய்ததைச் செய்த அன்றே, நாளிட்டு எழுதுதல். நோக்கம், கருவிகள், செய்முறை, கண்ட அளவுகள், கணக்கீடு, முடிவு, பிழை நேர்ந்திருக்கக்கூடிய இடம் ஆகிய யாவும் அதில் இருத்தல் வேண்டும். முந்திய ஆண்டு மாணவரின் ரிக்கார்டு நோட்டைப் பார்த்து அழகாகப் படியெடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. பியூரெட்டில் மூன்று முறை அளந்து மூன்று சிறு வேறுபாடுகள் வந்தால், அம்மூன்றையுமே எழுதுவதுதான் நேர்மை. 'இந்த அளவு ஏன் மாறியது?' என்று தேர்வாளர் வினவும்போது, செய்தவர் விடை சொல்வார், படியெடுத்தவர் விழிப்பார்.

எழுதிய யாவற்றையும் கோவையில் சேர்க்க வேண்டா. சிறந்த மூன்று நான்கு சோதனைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்க விளக்கம் எழுதுக. கைகூடாத சோதனை ஒன்றும், அது கைகூடாமைக்குக் கண்ட காரணமும் இருப்பின் மேலும் நன்று. பலர் சேர்ந்து செய்த வேலையாயின் தம் பங்கு எது என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுக. ஆசிரியரின் கையொப்பத்தை உரிய காலத்திலேயே பெற்றுவிடுக.

இரண்டாவது, ஆவணங்கள். இங்கே நம்மவருக்கு முதல் இடையூறு பெயரிலேயே நேர்கிறது. நாம் தந்தையின் பெயரை முன்னெழுத்தாக இடுகிறோம். தெலுங்கு நாட்டவர் வீட்டுப் பெயரை முன்னே வைக்கின்றனர். விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் ஒருமுறை ஒன்றும், மறுமுறை வேறொன்றும் எழுதிவிட்டால் ஒரே பிள்ளை இரண்டு பேராகிவிடுகிறார். ஒரு முன்னெழுத்தின் பொருட்டுத் திருநெல்வேலிக்கு இரயிலேற நேர்ந்த குடும்பத்தையும் நாம் கண்டிருக்கிறோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துகளையே எங்கும் பின்பற்றுக.

அடுத்தது, படித்த வகுப்புகளுக்குரிய சான்று. தெலங்கானாவின் கல்லூரிச் சேர்க்கையில் உள்ளூர் மாணவர் யார் என்பது, அரசியலமைப்பின் 371-டி பிரிவை ஒட்டிய ஆணைகளின்படி, பெரும்பாலும் எந்த வகுப்பை எங்கே படித்தார் என்பதைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. தாய்மொழி எது என்பதன்று அங்கே கேள்வி. எனவே பள்ளி மாறும்போதே அச்சான்றைப் பெற்றுவிடுதல் நலம். விதிகள் மாறுவதுண்டாதலால், சேர்க்கை அறிவிப்பை அவ்வாண்டே படித்தறிக. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் தந்தைக்குச் சொந்த மாநிலத்தில் வழங்கப்பட்ட சாதிச் சான்றிதழையும் பேணுதல் வேண்டும். குடிபெயர்ந்தோரின் பிள்ளைகள் சான்றிதழ் பெற அதுவே அடிப்படை.

மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், பயிற்சிச் சான்று ஆகியவற்றைக் கால வரிசையில் அடுக்கி, முன்னே ஒரு பக்கத் தன்விவரமும் பொருளடக்கமும் வைக்க. மூலங்கள் வீட்டில் இருக்க, படிகளே வெளியே செல்லட்டும். 2015இல் தொடங்கிய டிஜிலாக்கரில் துறைகளே வழங்கும் ஆவணங்கள் மூலத்துக்கு நிகராகக் கொள்ளத்தக்கவை, அவ்வசதியையும் பயன்படுத்துக.

கோவை ஒரே இரவில் உருவாவதன்று. மாதக் கடைசியில் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். பெற்றோர் அருகமர்ந்து, 'இம்மாதம் என்ன சோதனை செய்தாய்?' என்று கேட்டால், தாள்கள் சேர்வதோடு பிள்ளைக்குத் தான் செய்ததை எடுத்துச் சொல்லும் பழக்கமும் உண்டாகும். அயலூரில் நம் பிள்ளைக்காகப் பேச உற்றார் இல்லாதபோது, அப்பழக்கமும் அக்கோவையும் அவருக்குத் துணைநிற்கும்.