மோன்டேகு பிரபு (1926–2015)
பியூலி, ஹாம்ப்ஷயர், இங்கிலாந்து

எட்வர்ட் மோன்டேகு தம் தந்தை ஜானை இழந்தபோது இரண்டு வயதுக் குழந்தை. 1929இல் பிரபுப் பட்டமும் பியூலி பண்ணையும் அந்தக் குழந்தைக்கே வந்தன. தந்தையின் முகம்கூட நினைவில் பதியாத அந்த மகன்தான் பின்னாளில் அவருக்காக ஒரு அருங்காட்சியகத்தையே எழுப்பினார்.

ஜான் பிரிட்டனில் மோட்டார் வாகனங்களுக்காக வாதாடிய முன்னோடி. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அவர், 1899இல் தமது டெய்ம்லர் காரை நாடாளுமன்ற வளாகத்துக்குள்ளேயே ஓட்டிச் சென்றார். அதற்கு முன் எந்தக் காரும் அங்கே நுழைந்ததில்லை. பின்னர் ஏழாம் எட்வர்டாக முடிசூடிய இளவரசரையும் அவர் காரில் அழைத்துச் சென்றிருக்கிறார். அந்த டெய்ம்லரில் நான்கு சிலிண்டர், 12 குதிரைத்திறன்: அன்றைக்கு அது பெரிய ஆற்றல்.

1952இல் மகன் எட்வர்ட் பண்ணை மாளிகையைப் பொதுமக்களுக்குத் திறந்தார். பழைய மாளிகையைக் காப்பாற்ற வருமானம் தேவைப்பட்டது. மற்றப் பிரபுக்கள் ஓவியங்களையும் வெள்ளிப் பாத்திரங்களையும் காட்டிக்கொண்டிருந்த காலத்தில், இவர் தந்தையின் நினைவாக முன்கூடத்தில் ஐந்து பழைய கார்களை நிறுத்தினார். துணிச்சலான முடிவு அது.

கூட்டம் பெருகியது. சேகரிப்பு வளர்ந்து ஓர் அறக்கட்டளையின் பொறுப்புக்கு மாறியது. 1972இல் புதிய கட்டடத்தில் தேசிய மோட்டார் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பழைய உதிரிப்பாகங்களுக்காக 1967இல் அவர் தொடங்கிய சந்தை ஆண்டுதோறும் கூடியது. 1984 முதல் 1992 வரை இங்கிலாந்தின் தொல்சின்னங்களைக் காக்கும் 'இங்கிலிஷ் ஹெரிட்டேஜ்' அமைப்புக்கும் தலைமை வகித்தார்.

இன்று பியூலி அருங்காட்சியகத்தில் 250க்கும் மேற்பட்ட வாகனங்கள் உள்ளன.