வகுப்புக்கு வெளியே படித்தால் மார்க் ஷீட்டில் ஏறுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் வைரஸ் பற்றியோ பிரிண்டர் பற்றியோ இருக்கும். இந்த முறை கேள்வி வேறு மாதிரி வந்தது. கேட்டவர் திருக்கனூரில் எங்கள் தெருவிலேயே இருக்கும் என் தங்கையின் கணவர்.

அவர் மகள் தனியார் பள்ளி ஒன்றில் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு படித்தவள். நான்கு பாடங்களில் தேறிவிட்டாள். கணிதத்தில் மட்டும் போய்விட்டது. துணைத் தேர்வு இரண்டு முறை எழுதியும் 35 எட்டவில்லை. "பெண்ணுக்காகக் கம்ப்யூட்டர் வாங்கினேன் மச்சான். இனிமேல் படிப்பு வேண்டாம், தையல் கத்துக்கட்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். அந்தப் பெண் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரில் அவள் கை வேகம் எனக்குத் தெரியும். எக்ஸெல் ஷீட்டில் தன் அப்பாவின் பால் கணக்கை மாதாமாதம் போட்டுத் தருபவள் அவள்தான்.

உடனே எனக்கு என் பழைய தவறு ஒன்று நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் என் மகனை ஒரு தனியார் கம்ப்யூட்டர் மையத்தில் ஆறு மாத கோர்ஸில் சேர்த்தேன். தங்க நிற முத்திரையுடன் சர்டிபிகேட் தந்தார்கள். பிளஸ் 1 சேர்க்கைக்குப் போனபோது பள்ளியில் அதைப் பார்த்துவிட்டு, "இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். பையன் படித்தது உண்மை. ஆனால் அந்தப் படிப்பை ஏற்றுக்கொள்ளும் அமைப்பு எதுவும் அதன் பின்னால் இல்லை.

எனவே ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பறைக்கு வெளியே படிப்பதற்கு இன்று பல வழிகள் உள்ளன. அவற்றில் அரசு அங்கீகாரம் பெற்ற ஓர் அமைப்பு தேர்வு வைத்துப் பதிவு செய்யும் வழிதான் மதிப்பெண் பட்டியலில் ஏறும். அப்படிப்பட்ட வழிகள் எவை, அவற்றை வீட்டுக் கம்ப்யூட்டர் மூலம் எப்படி அணுகுவது என்று பார்க்கலாம்.

கிரெடிட் என்றால் என்ன?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கட்டாயப் பாடங்களுடன் மாணவரே தேர்ந்தெடுக்கும் விருப்பப் பாடங்களும் உண்டு. ஒவ்வொரு பாடத்தையும் முடித்தால் கிரெடிட் கணக்கில் ஏறும். தேவையான கிரெடிட் சேர்ந்தால் பள்ளிப் படிப்பு முடிந்தது. சுமார் 120 மணி நேர வகுப்பு ஓர் அலகு என்ற கணக்கு அங்கே நூறாண்டுகளுக்கும் மேலாக உள்ளது. விருப்பப் பாடத்தைப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்பதும் இல்லை. கல்லூரி ஒன்றில் ஒரு பாடம் படிக்கலாம். 1997ல் தொடங்கிய புளோரிடா விர்ச்சுவல் ஸ்கூல் போன்ற இணையப் பள்ளியில் படிக்கலாம். பள்ளி ஒப்புக்கொண்டால் அது கணக்கில் சேரும்.

நம் நாட்டில் 2023 ஏப்ரலில் தேசிய கிரெடிட் கட்டமைப்பு வெளியிடப்பட்டது. இதன்படி 30 மணி நேரக் கற்றல் ஒரு கிரெடிட். ஓர் ஆண்டுக்கு 1200 மணி நேரம், அதாவது 40 கிரெடிட். பாடம், கைத்தொழில், விளையாட்டு, கலை என எல்லாவற்றையும் ஒரே கணக்கில் கொண்டுவருவது இதன் நோக்கம். 9, 11 வகுப்புகளில் இதனைச் சோதனை முறையில் நடத்திப் பார்க்க 2024-25ஆம் கல்வியாண்டுக்கு சி.பி.எஸ்.இ. பள்ளிகளை அழைத்தது. எனவே, உங்கள் பிள்ளையின் பள்ளியில் இது நடைமுறையில் உள்ளதா என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குக் காத்திருக்காமல் பயன்படுத்தக்கூடிய வழிகளும் உள்ளன.

வழி 1: பள்ளியிலேயே ஆறாவது பாடம்

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24 முதல் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறின. முதல் அணி 2025ல் பொதுத் தேர்வு எழுதியது. சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் ஐந்து பாடங்களுடன் ஆறாவதாகத் திறன் பாடம் ஒன்றை எடுக்க இடம் உண்டு. இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி (பாட எண் 402), ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் (417) இரண்டும் இந்தப் பட்டியலில் உள்ளவை.

கணிதம், அறிவியல், சமூக அறிவியல் மூன்றில் ஏதாவது ஒன்றில் மாணவர் தவறி, ஆறாவது பாடத்தில் தேறியிருந்தால், தவறிய பாடத்தின் இடத்தில் ஆறாவது பாடம் வைக்கப்படும். இந்த விதியைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. ஒன்பதாம் வகுப்பில் சேரும்போதே, "எந்தத் திறன் பாடம் இங்கே உண்டு?" என்று கேளுங்கள். பத்தாம் வகுப்பு முடிந்த பின் கேட்டால் பயன் இல்லை.

வழி 2: திறந்த நிலைப் பள்ளி

என் தங்கை மகளுக்குப் பொருந்திய வழி இதுதான். தேசிய திறந்த நிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தைச் சுருக்கமாக என்.ஐ.ஓ.எஸ். என்பார்கள். 1979ல் சி.பி.எஸ்.இ.யின் ஒரு திட்டமாகத் தொடங்கி, 1989ல் தனி நிறுவனமாகி, 2002ல் இப்போதைய பெயரைப் பெற்றது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இது, தானே தேர்வு நடத்திச் சான்றிதழ் தரும் ஒரு போர்டு.

இதில் நமக்குப் பயன்படும் வசதிகள்:

* பத்தாம் வகுப்புக்குக் குறைந்தது ஐந்து பாடங்கள் வேண்டும். மொழிப் பாடம் ஒன்றாவது இருக்க வேண்டும். கணிதம் கட்டாயம் இல்லை.

* பாடப் பட்டியலில் டேட்டா என்ட்ரி ஆபரேஷன்ஸ் உண்டு. வேர்ட் ப்ராசசிங், ஸ்ப்ரெட்ஷீட், பிரசன்டேஷன் எல்லாம் இதில் வரும். செய்முறைத் தேர்வும் உண்டு. வீட்டில் கம்ப்யூட்டர் இருப்பவர்களுக்கு ஏற்ற பாடம்.

* வேறு போர்டில் தேறிய பாடங்களில் அதிகபட்சம் இரண்டைக் கிரெடிட்டாக மாற்றிக்கொள்ளலாம். இதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

* பொதுத் தேர்வு ஆண்டுக்கு இரு முறை, ஏப்ரல்-மே மற்றும் அக்டோபர்-நவம்பரில் நடக்கும். ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள். தேறிய பாடத்தை மீண்டும் எழுத வேண்டாம். அந்த மதிப்பெண் கணக்கில் காத்திருக்கும்.

* பாடப் புத்தகங்களை அவர்கள் தளத்திலிருந்தே பி.டி.எஃப். ஆக இலவசமாக டவுண்லோட் செய்திடலாம்.

இதில் குறைகளும் உண்டு. நான்கு பாடங்களில் தேறியிருந்தும் இரண்டைத்தான் மாற்ற முடிந்தது. மீதி மூன்றை அவள் புதிதாக எழுத வேண்டும். இன்னொன்றையும் யோசியுங்கள். பாலிடெக்னிக் அல்லது அறிவியல் குரூப் எண்ணம் இருந்தால் கணிதத்தை விடக்கூடாது. இவளுக்குக் காமர்ஸ் பக்கம் போக விருப்பம். எனவே தமிழையும் ஆங்கிலத்தையும் மாற்றிக்கொண்டு, சமூக அறிவியல், பிசினஸ் ஸ்டடீஸ், டேட்டா என்ட்ரி மூன்றையும் எடுத்தாள்.

வழி 3: ஸ்வயம்

2017 ஜூலை 9ல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் இலவசக் கல்வித் தளம் இது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து முதுநிலை வரை பாடங்கள் உள்ளன. பள்ளிப் பாடங்களை என்.சி.இ.ஆர்.டி.யும் என்.ஐ.ஓ.எஸ்.ஸும் தருகின்றன. வீடியோ, படிக்கும் பகுதி, சுயதேர்வு, சந்தேகம் கேட்கும் இடம் என நான்கு பிரிவுகளாக ஒவ்வொரு பாடமும் அமைந்திருக்கும்.

படிப்பதற்கு மிக நல்ல தளம். ஆனால் பாடத்தைப் பார்த்து முடித்தாலே பள்ளி மார்க் ஷீட்டில் ஏறிவிடும் என்று எண்ண வேண்டாம். உங்கள் பள்ளி அல்லது போர்டு ஏற்றுக்கொண்டால்தான் ஏறும். திறந்த நிலைப் பள்ளியின் தேர்வுக்குத் துணையாக இதைப் பயன்படுத்துவதே நல்லது. நெட் வேகம் குறைவாக உள்ள கிராமங்களில் ஸ்வயம் பிரபா என்ற டி.வி. சேனல்கள் மூலமும் பாடங்களைப் பார்க்கலாம்.

வழி 4: கைத்தொழில்

எங்கள் ஊர் காகிதக்கூழ் பொம்மைகளுக்குப் பெயர் பெற்றது. திருக்கனூர் காகிதக்கூழ் கைவினைக்கும் வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. காகிதக் கூழை அச்சில் இட்டு, காயவைத்து, வண்ணம் தீட்டப் பெரியவர்களிடம் கற்கும் பிள்ளைகள் எத்தனை மணி நேரம் செலவிடுகிறார்கள்! புதிய கட்டமைப்பின்படி இத்தகைய கற்றலுக்கும் கிரெடிட் உண்டு. ஆனால் அதை யாராவது முறைப்படி மதிப்பிட வேண்டும். வீட்டில் செய்த வேலை தானாகக் கணக்கில் ஏறாது. பள்ளியில் கைவினைப் பாடமோ திட்டப் பணியோ இருந்தால், இந்த வேலையையே அதற்குக் காட்டலாமா என்று ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

வீட்டிலிருந்தே விண்ணப்பிப்பது எப்படி?

1. பிரவுசரைத் திறந்து தேடல் பெட்டியில் என்.ஐ.ஓ.எஸ். என டைப் செய்து என்டர் தட்டவும். முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். அட்ரஸ் பாரில் முகவரி "டாட் ஏசி டாட் இன்" என்று முடிகிறதா என்று பார்க்கவும். ஸ்வயம் தளம் "டாட் கவ் டாட் இன்" என்று முடியும். வேறு விதமாக முடிந்தால் அங்கே பணம் கட்ட வேண்டாம்.

2. மாணவர் பெயரில் தனி இமெயில் முகவரி ஒன்றை உருவாக்கவும். வீட்டில் நிலையாக இருக்கும் மொபைல் எண்ணைத் தரவும். ஓ.டி.பி.யும் ஹால் டிக்கெட் தகவலும் அதற்குத்தான் வரும். பிரவுசிங் சென்டர்காரரின் எண்ணைத் தந்துவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் உண்டு.

3. போட்டோ, கையெழுத்து, பிறந்த தேதிச் சான்று, பழைய மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றை ஸ்கேன் செய்து ஒரே போல்டரில் வைக்கவும். படத்தின் அளவு அதிகம் என்று தளம் மறுத்தால், பெயின்ட் புரோகிராமில் திறந்து ரீசைஸ் மூலம் குறைத்து வேறு பெயரில் சேவ் செய்திடவும். ஒரிஜினல் பைலை அழிக்க வேண்டாம்.

4. பழைய பாடங்களை மாற்றும் விவரத்தைச் சேர்க்கையின்போதே குறிப்பிடவும். பாடங்களைத் தேர்வு செய்யும் முன் பெயர்ப் பட்டியலைத் தாளில் எழுதி ஒருமுறை சரிபார்க்கவும்.

5. பணம் கட்டியபின் ரசீதையும் விண்ணப்பத்தையும் பி.டி.எஃப். ஆக சேவ் செய்து, ஒரு பிரதியைப் பென் டிரைவில் வைக்கவும். பிரிண்ட் ஒன்றும் எடுத்திடவும்.

பணம் கட்டும் முன் நான்கு கேள்விகள்

எந்த கோர்ஸாக இருந்தாலும் இவற்றைக் கேளுங்கள். தேர்வு வைப்பது யார்? சான்றிதழில் யார் பெயர் இருக்கும்? எந்தப் பள்ளி அல்லது போர்டு இதை ஏற்கும்? அந்தப் பதிவை டிஜிலாக்கரிலோ அரசுத் தளத்திலோ சரிபார்க்க முடியுமா? நான்குக்கும் தெளிவான பதில் இல்லை என்றால், அது பொழுதுபோக்காகக் கற்க வேண்டிய கோர்ஸ். கற்கலாம், தவறில்லை. கிரெடிட் கிடைக்கும் என்று நம்பிக் கட்டணம் கட்டக்கூடாது. என் மகனுக்கு நான் கேட்கத் தவறிய கேள்விகள் இவை.

தங்கை மகள் அக்டோபரில் தேர்வு எழுதினாள். டேட்டா என்ட்ரியிலும் சமூக அறிவியலிலும் தேறினாள். பிசினஸ் ஸ்டடீஸில் சில மதிப்பெண்களில் தவறிவிட்டாள். ரிசல்ட் வந்த அன்று மாப்பிள்ளை முகம் மீண்டும் வாடியது. அவளோ, "மாமா, நாலு பாடம் கணக்கில் ஏறிவிட்டது. ஒண்ணுதான் பாக்கி" என்று ஸ்கிரீனைக் காட்டினாள். ஏப்ரலில் அந்த ஒன்றை மட்டும் எழுதித் தேறிவிட்டாள். இப்போது பிளஸ் 1 காமர்ஸ் படிக்கிறாள். பால் கணக்கையும் விடவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு பாடத்தில் தவறிய பிள்ளை இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் முன் அவர்களுடன் அரை மணி நேரம் உட்காருங்கள். மவுஸ் அவர்கள் கையிலேயே இருக்கட்டும்.