மூட்டையில் சாம்பல் ஏன்?

ஒத்தக்கடை, திருமங்கலம், நாகமலை என்று மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. அங்கெல்லாம் தவறாமல் காதில் விழும் ஒரு பேச்சு உண்டு. "பிபிசி வேண்டாம் சார், அதுல சாம்பலைக் கலந்துடுறான். 53 கிரேடு வாங்குங்க, அதான் சுத்தமான சிமெண்ட்." சொல்கிறவர் அனுபவமுள்ள கொத்தனார், கேட்கிறவர் கடன் வாங்கி வீடு கட்டுகிறவர். மறுத்துப் பேச யாருக்கும் தோன்றுவதில்லை. பிபிசி (போர்ட்லேண்ட் பொசோலானா சிமெண்ட்) என்பது ஆலையிலேயே அனல்மின் நிலையச் சாம்பல் கலந்து வரும் சிமெண்ட். சாம்பலைக் கலந்தால் அது கலப்படம்தானே? ஒரு டீக்குள் முடிகிற கேள்வி இல்லை இது. இன்னொரு டீயும் சொல்லிவிட்டு, கல்லிலிருந்தே தொடங்குவோம்.

கல் என்றால் சுண்ணாம்புக்கல். அதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டாம். அருப்புக்கோட்டைக்குத் தெற்கே பந்தல்குடிப் பக்கம் அது பூமிக்கடியில் பட்டை பட்டையாக ஓடுகிறது. விருதுநகரிலிருந்து சாத்தூர் போகும் வழியில் ஆர்.ஆர். நகரில் ராம்கோ ஆலை 1960-களின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது. அதே மாவட்டத்து ஆலங்குளத்தில் தமிழ்நாடு அரசின் டான்செம் ஆலை 1970-இல் வந்தது. வடக்கே திண்டுக்கல் மாவட்டம் கரிக்காலியில் செட்டிநாடு ஆலை. மதுரைக்காரர் வீட்டுச் சுவரில் இருப்பது பெரும்பாலும் பக்கத்து மாவட்டத்து மலையும் மண்ணும்தான்.

உடைத்த கல்லோடு கொஞ்சம் களிமண், இரும்புச் சத்துள்ள மண் சேர்த்து மாவாக அரைக்கிறார்கள். அது நீண்டு படுத்தபடி சுழலும் ஓர் உருக்குச் சூளைக்குள் போகிறது. உள்ளே ஏறக்குறைய 1450 டிகிரி செல்சியஸ் வெப்பம். மறுமுனையில் கறுத்த சாம்பல்நிற உருண்டைகளாக வெளியே விழுவதற்குப் பெயர் கிளிங்கர். சிமெண்டின் உயிர் இதுதான். கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து இதை நைஸாக அரைத்து மூட்டை பிடித்தால், கொத்தனார் கேட்கும் 53 கிரேடு. அதில் 95 விழுக்காடு கிளிங்கர்.

இப்போது சூளையின் புகைக்கூண்டைப் பார்ப்போம். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் 7, 8 விழுக்காடு சிமெண்டிலிருந்து வருகிறது என்கிறார்கள். உடனே நமக்குத் தோன்றுவது, "நிலக்கரியை நிறுத்திவிட்டுக் காற்றாலை மின்சாரத்துக்கு மாறக் கூடாதா?" என்பது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் குற்றவாளி நிலக்கரி மட்டும் இல்லை, கல்லே பாதிக்கு மேல் பொறுப்பு. சுண்ணாம்புக்கல்லுக்குள் கரியமில வாயு காலங்காலமாக அடைபட்டுக் கிடக்கிறது. சுட்டால் அது பிரிந்து போகும், போனால்தான் கல் சுண்ணாம்பாகும். சுத்தமான 100 கிலோ கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ வாயுவாகப் பறந்துவிடும். வெற்றிலைச் சுண்ணாம்புக்குக் கல் சுடும் காளவாயிலும் நடப்பது இதேதான். சிமெண்ட் சூளையிலிருந்து வரும் வாயுவில் ஏறக்குறைய 60 விழுக்காடு இப்படிக் கல்லிலிருந்து வருவது. மீதிதான் எரிபொருள். சூளையைச் சூரியனைக் கொண்டே சுட்டாலும் அந்த 60 குறையாது.

அப்படியானால் குறைக்க நேரான வழி, ஒரு மூட்டையில் இருக்கும் கிளிங்கரைக் குறைப்பதுதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டன் கிளிங்கருக்குச் சுமார் 830 கிலோ வாயு என்று வைத்துக்கொண்டால், 50 கிலோ 53 கிரேடு மூட்டைக்கு 40 கிலோவுக்குப் பக்கத்தில் வருகிறது. 30 விழுக்காடு சாம்பல் கலந்த பிபிசி மூட்டைக்குச் சுமார் 27 கிலோ. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 400 மூட்டை என்பது நம்மூர் மேஸ்திரிகளின் கணக்கு. வீட்டுக்கு ஐந்து டன் வரை மிச்சம். மாடித் தோட்டமெல்லாம் இதற்குப் பக்கத்தில்கூட வராது.

"வாயு குறையட்டும் சார், என் வீடு நிற்குமா?" என்று கேட்பீர்கள். நியாயம். நாம் நிதானிக்க வேண்டிய இடம் இது. கிளிங்கர் தண்ணீரோடு சேரும்போது இரண்டு பொருள் உண்டாகிறது. ஒன்று, மணலையும் ஜல்லியையும் கட்டிப்பிடிக்கும் பசை. இன்னொன்று, பலத்துக்கு அதிகம் உதவாமல் மிஞ்சிப்போகும் சுண்ணாம்பு. மழைநீர் ஊறிய கான்கிரீட்டின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்பது இந்த மிச்சம்தான். அனல்மின் நிலையத்து நைஸ் சாம்பலில் இருக்கும் சிலிக்கா, தண்ணீர் இருக்கும்வரை அந்தச் சுண்ணாம்போடு மெல்ல மெல்லச் சேர்ந்து, அதையும் பசையாக்கிவிடுகிறது. இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் அது பழைய சோறாகி வயிறு நிறைப்பது போலத்தான்: வீணாகப் போக வேண்டியது, தண்ணீரும் நேரமும் கிடைத்தால் உணவாகிறது. சாம்பல் இங்கே இடத்தை அடைக்க வந்த பொருள் இல்லை, வேலை செய்ய வந்த பொருள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த வேலை மெதுவாக நடக்கிறது. 53 கிரேடு முதல் வாரத்திலேயே விறைத்துக்கொள்ளும், பிபிசி சாவகாசமாக வரும். சென்ட்ரிங் பலகையைச் சீக்கிரம் பிரித்து அடுத்த வேலைக்குக் கொண்டுபோக நினைக்கும் ஒப்பந்தக்காரருக்கு 53 பிடிப்பதில் ஆச்சரியமில்லை. அவருடைய அவசரம்தான் நம் காதில் "சுத்தம்" என்று வந்து விழுகிறது. ஆனால் மாதங்கள் போகப் போக பிபிசி பலம் ஏறிக்கொண்டே வரும். துளைகள் அடைபடுவதால் உப்புத் தண்ணீர் ஊறுகிற அஸ்திவாரத்துக்கும் அது நல்லது. கலப்படம் என்பது வேறு. ஆலைக்கு வெளியே யாரோ மூட்டையைப் பிரித்து எதையோ கொட்டித் தைப்பது. ஆலையில் கலப்பதற்கு இந்தியத் தரநிர்ணயமே 15 முதல் 35 விழுக்காடு என்று வரம்பு வைத்திருக்கிறது.

சுண்ணாம்போடு சுட்ட பொருளின் தூளைச் சேர்ப்பது நமக்குப் புதிதும் இல்லை. 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் காரை, சுண்ணாம்பும் சுர்க்கியும். சுர்க்கி என்றால் சுட்ட செங்கல்லின் பொடி, அதாவது சுட்ட களிமண். மேலூர்ப் பக்கம் வயலில் பாயும் தண்ணீர் அந்தக் கலவை தடுத்து நிறுத்திய தண்ணீர்தான். அதை யாரும் கலப்படம் என்று சொன்னதில்லை.

சுர்க்கியைச் சும்மா சொல்லவில்லை. சிமெண்டின் அடுத்த கட்டமே அங்கேதான் இருக்கிறது. தூத்துக்குடி அனல்மின் நிலையம் போன்றவை நிலக்கரி எரிக்கிறவரைதான் சாம்பல். உலகம் நிலக்கரியை விடத் தொடங்கினால் சாம்பலும் போகும். ஐரோப்பாவில் இப்போதே தட்டுப்பாடு. பூமியில் தட்டுப்பாடில்லாமல் கிடைப்பது எது? களிமண். சுவிட்சர்லாந்தின் லொசான் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கேரன் ஸ்க்ரிவ்னரும், கியூபாவின் சாந்தா கிளாரா நகரில் பெர்னாண்டோ மார்த்திரேனாவும் சேர்ந்து ஒரு கலவையைக் கண்டார்கள். 50 விழுக்காடு கிளிங்கர், 30 சுட்ட களிமண், 15 சுடாமல் அரைத்த சுண்ணாம்புக்கல், 5 ஜிப்சம். களிமண்ணைச் சுட 800 டிகிரி அளவில் போதும், அதற்குள் கரியமில வாயு அடைபட்டும் இல்லை. சுண்ணாம்புக்கல்லைச் சுடுவதே இல்லை என்பதால் அதன் வாயு கல்லுக்குள்ளேயே இருந்துவிடுகிறது. சாதாரண சிமெண்டோடு ஒப்பிட்டால் 40 விழுக்காடு வரை குறைவு. எல்.சி.3 என்று இதற்குப் பெயர்.

இதற்கு எல்லாக் களிமண்ணும் ஆகாது. கயோலின் என்ற வெள்ளைக் களிமண் 40 விழுக்காடாவது இருக்க வேண்டும். நம் கரிசலை நம்பிச் சூளை போட முடியாது.

எல்.சி.3 ஒரே நாட்டின் வேலை இல்லை. கியூபாவுக்குச் சோவியத் ஒன்றியம் சரிந்த பிறகு எரிபொருள் பஞ்சம், அதனால் குறைந்த கிளிங்கரில் கட்டிப் பழகிய அனுபவம் இருந்தது. சுவிஸ் அரசின் வளர்ச்சி உதவி முகமை பணம் போட்டது, லொசானில் ஆய்வுக்கூடம் இருந்தது. உலகிலேயே சீனாவுக்கு அடுத்தபடியாகச் சிமெண்ட் செய்கிற இந்தியாவிடம் ஆலைகளும் கட்ட வேண்டிய வீடுகளும் இருந்தன. சென்னை, டெல்லி, மும்பை ஐ.ஐ.டி.கள் இதன் பலத்தையும் ஆயுளையும் சோதித்தன. ஜான்சியில் இதைக் கொண்டே ஒரு வீடு கட்டிப் பார்த்தார்கள். 2023-இல் இந்தியத் தரநிர்ணய அமைவனம் ஐ.எஸ். 18189 என்ற தரத்தை வெளியிட்டது. தரம் வராத சிமெண்டை எந்தப் பொறியாளரும் தொடமாட்டார், ஆகவே ஆராய்ச்சி கடைத்தெருவுக்கு வந்த நாள் அதுதான் என்பேன். மாநாட்டு மேடை அறிவிப்புகளைவிட இந்த மாதிரி வேலையில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

பல நாட்டுக்காரர்கள் கூடிச் செய்த இன்னொரு காரியம் கண்ணுக்குத் தெரியாதது. 1999-இல் உலகின் பெரிய சிமெண்ட் கம்பெனிகள் பத்து சேர்ந்து நீடித்த வளர்ச்சிக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கின. ஒரு டன்னுக்கு எவ்வளவு வாயு என்பதை எல்லாரும் ஒரே முறையில் கணக்கிட வழி செய்தது அதுதான். போட்டிக் கம்பெனிகள் கணக்கைத் திறந்து காட்டுவது லேசான காரியமில்லை. அந்த அடித்தளத்தில்தான் பன்னாட்டு எரிசக்தி முகமையோடு சேர்ந்து 2013-இல் இந்தியச் சிமெண்டுக்கென்றே ஒரு வழித்திட்டம் எழுதப்பட்டது. அதிலும் முன்வரிசையில் நிற்பது கிளிங்கரைக் குறைப்பது.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். மூட்டை இறங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை, செய்த வாரம், சாம்பலின் அளவு மூன்றையும் அச்சில் பாருங்கள். மூன்று மாதம் தாண்டிய மூட்டை என்றால் திருப்பி அனுப்புங்கள். கொத்தனாரிடம் சண்டை வேண்டாம், அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து இரண்டே கேளுங்கள்: சென்ட்ரிங்கை எப்போது பிரிப்பது என்று பொறியாளர் சொல்லட்டும், தண்ணீர் விடுவது ஒரு வாரத்தோடு நிற்க வேண்டாம். நம்மைப் போன்ற வெயில் ஊரில் பிபிசி கான்கிரீட்டுக்கு 14 நாள் ஈரம் வேண்டும் என்கிறது இந்தியக் கட்டட விதி. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், தூணுக்கு ஈரச் சாக்கு சுற்றுங்கள்.