திறப்பு விழாவுக்கு முன் ஒரு சோதனை

ரேஷன் அட்டைக்கு விண்ணப்பிப்பதும், வருமானச் சான்றிதழ் பெறுவதும், அரசுத் தேர்வுக்குப் பெயர் கொடுப்பதும் இன்று பெரும்பாலும் இணையதளத்தின் வழியாகவும் கைபேசிச் செயலியின் வழியாகவுமே நடைபெறுகின்றன. ஆகவே, கண்பார்வையற்றவருக்கோ, கைவிரல்களை இயக்க இயலாதவருக்கோ, காது கேளாதவருக்கோ அத்தளம் இடங்கொடாவிட்டால், அரசு அலுவலகத்தின் வாசலே அவருக்கு அடைபட்டுவிடுகிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், தன் 42ஆம் பிரிவில், மின்னணு ஊடக உள்ளடக்கங்கள் யாவும் மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டும் வடிவில் அமைய ஆவன செய்யும் கடமையை அரசின்மீது சுமத்தியிருக்கிறது. இதற்கான தரநிலைகள் வெறும் சிபாரிசாக நின்றுவிடலாகாது, கட்டாய விதிகளாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்பளித்தது. அமில வீச்சால் முகம் சிதைந்து, இணையவழி அடையாளச் சரிபார்ப்பின்போது கண் சிமிட்டிக் காட்ட இயலாமையால் வங்கிச் சேவையை இழந்தவர்கள் தொடுத்த வழக்கில், 2025 ஏப்ரல் 30 அன்று, இணையச் சேவைகளை அணுகும் உரிமையை வாழ்வுரிமையின் அங்கமாகவே அந்நீதிமன்றம் பிரகடனம் செய்தது; அடையாளச் சரிபார்ப்பு நடத்தும் நிறுவனங்கள் தகுதிபெற்ற நிபுணர்களைக் கொண்டு காலந்தோறும் தணிக்கை செய்ய வேண்டுமென்றும், செயலியை வடிவமைக்கும்போதே பார்வையற்றோரைச் சோதனையில் பங்குபெறச் செய்ய வேண்டுமென்றும் ஆணையிட்டது.

அச்சோதனையில் பார்க்கப்படுவன எளிய விஷயங்களே. படங்களுக்கு எழுத்து விளக்கம் உண்டா, படிவத்தின் ஒவ்வொரு கட்டத்தின் பெயரையும் திரைவாசிப்பான் உரக்கச் சொல்கிறதா, சுட்டியின்றி விசைப்பலகையால் மட்டுமே இறுதிவரை செல்ல முடிகிறதா, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற விகிதத்திலேனும் ஒளி வேற்றுமை இருக்கிறதா, ‘கேப்சா’வுக்கு ஒலிவழி மாற்று உண்டா என்பவை அவற்றுள் சில. படத்துக்கு விளக்கம் இருக்கிறதா என்பதைத் தானியங்கி மென்பொருள் கண்டுவிடும். அவ்விளக்கம் பொருத்தமானதா என்பதை மனிதரே நிச்சயிக்க முடியும்.

தளத்தை வெளியிட்ட பிறகு திருத்திக்கொள்ளலாம் என்னும் சமாதானம் ஏற்கத்தக்கதன்று. ஏனெனில், திருத்தம் வருமுன்னே விண்ணப்பத்தின் கடைசித் தேதி கடந்துவிடுகிறது. வேறு வழியின்றி ரகசியக் குறியீட்டையும் ஓ.டி.பி.யையும் அந்நியர் ஒருவரிடம் ஒப்படைத்து விண்ணப்பிப்பவர், தம் அந்தரங்கத்தோடு பணத்தையும் இழக்கும் அபாயத்துக்கு ஆளாகிறார்.

இடர்ப்பட்டவர் செய்யத்தக்கது இது: எந்தப் பக்கத்தில், எந்தத் தேதியில், எக்கருவியைக் கொண்டு முயன்றபோது தடை நேர்ந்தது என்பதைக் குறித்து, சம்பந்தப்பட்ட துறைக்கு எழுத்து மூலம் புகார் தர வேண்டும். பலனில்லையேல், மாநில அரசின் தளமாயின் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும், மத்திய அரசினதாயின் தலைமை ஆணையரிடமும் முறையிடலாம். அவர்கள் பரிந்துரைத்தால், எடுத்த நடவடிக்கையை அத்துறை மூன்று மாதத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தை மீறுவோருக்கு முதன்முறை ரூ.10,000 வரையிலும், மீண்டும் மீறினால் ரூ.50,000 முதல் ரூ.5 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க 89ஆம் பிரிவு வழிசெய்கிறது. வெளியீட்டுக்கு முன் தணிக்கை நடந்ததா என்று வினவி, அறிக்கையின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் குடிமக்கள் எவரும் கோரலாம்.

அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம்: மாற்றுத்திறனாளிகள் தாமே சோதித்துத் திருப்தி தெரிவித்த அறிக்கை கைக்கு வரும்வரை, ஒப்பந்தக்காரருக்கு இறுதித் தவணையை வழங்காதீர்கள், திறப்பு விழாவுக்கும் நாள் குறிக்காதீர்கள்.