கனவில் ஓங்கும் கை

உறக்கத்தில் ஒருவர் உரக்கக் கத்துகிறார்; கையை வீசுகிறார்; அருகில் படுத்திருக்கும் மனைவிக்கு அடி விழுகிறது. எழுப்பினால் விரைவில் தெளிந்து, யாரோ துரத்தியதாகக் கனவை விவரிக்கிறார். மனத்தில் அடக்கிவைத்த கோபமே இப்படி வெளிப்படுகிறது என்று குடும்பத்தினர் வருந்துவதுண்டு. காரணம் அதுவன்று.

ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை நமக்கு விரைவுக் கண்ணசைவு உறக்கம் வருகிறது. தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதே தோன்றுகின்றன. மூளை ஏறக்குறைய விழிப்பில் இருப்பதுபோல் இயங்கும். ஆயினும் மூளைத்தண்டு தசைகளைத் தளர்த்தி உடலை அசையாமல் வைத்திருக்கும். இந்தக் காவல் பழுதுபட்டால், கனவில் ஓங்கும் கை மெய்யாகவே ஓங்குகிறது. 1986-இல் அமெரிக்காவின் மினசோட்டா மருத்துவர்கள் ஷெங்க், மஹோவால்ட் ஆகியோர் இதனைத் தனி நோயாக விவரித்தனர்.

50 வயதைக் கடந்தோரிடம் இது மிகுதி. மனச்சோர்வுக்கான சில மருந்துகளும் இதைத் தூண்டலாம். எனினும் மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. பலருக்குப் பார்க்கின்சன் நோயின் நடுக்கம் தோன்றப் பல ஆண்டுகளுக்கு முன்பே இது தொடங்குவதால், நரம்பியல் மருத்துவரைக் காண்பது அவசியம். நிகழ்வைச் செல்பேசியில் பதிவுசெய்து காட்டுங்கள். உறக்கப் பரிசோதனை நோயை உறுதிசெய்யும். மருந்தால் அசைவுகள் குறையும்.

அதுவரை தாழ்வான படுக்கையில் உறங்கச் செய்யுங்கள். கண்ணாடி, கூரிய பொருள்களை அகற்றுங்கள். துணைவர் தனியே படுப்பது நல்லது. தொட்டு எழுப்பாமல், சற்று விலகி நின்று பெயர் சொல்லி அழையுங்கள்.

அந்த அடி அவர் அறிந்து அடித்ததன்று. அதனை இருவரும் உணர்ந்தால், வெட்கமின்றி மருத்துவரிடம் பேச இயலும்.