ஏட்டறைகள் – 9: ஒன்றுக்கும் உதவாத பெட்டிகள்

பழைய கெய்ரோவின் ஃபுஸ்தாத் பகுதியில் பென் எஸ்ரா என்ற யூதத் தொழுகைக் கூடம் இருக்கிறது. பெண்கள் அமரும் மேல்மாடத்தின் கோடியில் ஓர் அடைத்த அறை. அதன் சுவரில் உயரத்தில் ஒரு திறப்பு. ஏணியில் ஏறிக் காகிதத்தை உள்ளே போட்டுவிட வேண்டியதுதான். கடவுளின் பெயர் எழுதிய தாளை வீசி எறியக் கூடாது என்பது யூத மரபு. ஃபுஸ்தாத்காரர்கள் ஒரு படி மேலே போய், எபிரேய எழுத்தில் இருந்த எதையுமே எறியவில்லை. வேதச் சுவடி, திருமண ஒப்பந்தம், கடன் பத்திரம், சரக்குக் கணக்கு, பிள்ளைகள் எழுதிப் பழகிய தாள் எல்லாம் அந்த இருட்டுக்குள் போயின. இந்தச் சேமிப்பறைக்குக் கெனிசா என்று பெயர்.

1896இல் ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்ற இரட்டைச் சகோதரிகள் எகிப்துப் பக்கம் போய்விட்டுச் சில பழைய தாள்களுடன் கேம்பிரிட்ஜ் திரும்பினார்கள். அவற்றில் ஒன்றைப் பார்த்த கேம்பிரிட்ஜ் அறிஞர் சாலமன் ஷெக்டருக்கு நிலைகொள்ளவில்லை. பல நூற்றாண்டுகளாகத் தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட பென் சீராக் நூலின் எபிரேய மூலம் அது. அந்தக் குளிர்காலத்திலேயே கெய்ரோவுக்குப் போனார். பயணச் செலவைச் செயின்ட் ஜான்ஸ் கல்லூரித் தலைவர் சார்லஸ் டெய்லர் ஏற்றார். தூசியில் இருமியபடி அள்ளி வந்தவற்றை இருவரும் 1898இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்தார்கள். இன்றைக்கு அந்தத் தொகுப்பில் சுமார் 1,93,000 துண்டுகள்.

ஷெக்டர் தேடியது சமய நூல்களை. அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் காலத்து அறிஞர்கள் எல்லாருக்கும் அதுதான் வரலாறு. 1902இல் அவர் நியூயார்க் போய்விட்டார். தரம் பிரிக்கப்படாத மிச்சம், ஒன்றுக்கும் உதவாது என்ற எண்ணத்தோடு பெட்டிகளில் அடைந்து, அரை நூற்றாண்டு நூலகத்தில் கிடந்தது. இந்தத் தொகுப்பின் வரலாற்றில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். பயன் தெரியவில்லை, பட்டியல் இல்லை, இடத்தையும் அடைக்கிறது; ஆனாலும் எந்த நூலகரும் கழித்துக் கட்டவில்லை.

1950களின் நடுவில் கொய்ட்டைன் என்ற அறிஞரின் பார்வை அந்தப் பெட்டிகளின் மேல் விழுந்தது. கெனிசாவின் கடிதங்களையும் கணக்குகளையும் கொண்டே மத்தியதரைக் கடலோர மக்களின் அன்றாட வாழ்வை ஐந்து பெரிய தொகுதிகளாக எழுதினார் அவர். முதல் தொகுதி 1967இல் வந்தது. வாடகை, வரதட்சிணை, கப்பல் கூலி, மாமியார் சண்டை என எதுவும் அதில் விடுபடவில்லை. பெரும்பாலான கடிதங்களின் மொழி அரபு, எழுத்து எபிரேயம். நம் தமிழ் முஸ்லிம்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அர்வியைப் போல.

இந்தக் காகிதங்களுக்குள்தான் மலபார் கடற்கரையும் கிடக்கிறது. துனீசியாவிலிருந்து கிளம்பிய ஆபிரகாம் பென் யிஜு என்ற வணிகர், 1132 முதல் ஏறக்குறைய 17 ஆண்டுகள் மங்களூர்ப் பக்கம் தங்கியிருந்தார். மிளகும் பாக்கும் இரும்பும் ஏடனுக்கு அனுப்புவார். அங்கிருந்து கூட்டாளிகள் உடைந்த வெண்கலப் பாத்திரங்களை அனுப்பி, இவருடைய பட்டறையில் உருக்கி இன்ன வடிவில் செய்து தரச் சொல்வார்கள். கூடவே சர்க்கரை, உலர்ந்த திராட்சை, எழுதுவதற்குக் காகிதம். ஓலை எழுதும் நாட்டில் காகிதத்துக்கு அவர் எங்கே போவார்? வந்த கடிதத்தின் காலியிடத்திலேயே தம் கணக்கை எழுதிக்கொண்டார். ஒரே தாளில் ஏடனின் உத்தரவும் மங்களூரின் வரவு செலவும்!

மங்களூரில் அஷு என்ற அடிமைப் பெண்ணை அவர் விடுவித்த பத்திரம் இருக்கிறது. அவருக்காக வணிகம் பார்த்த பொம்மா என்ற அடிமைக்கு ஏடன் நண்பர்கள் கடிதங்களில் வணக்கம் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பொம்மாவைத் தேடிப் போனதில்தான் அமிதவ் கோஷின் 'இன் அன் ஆன்டிக் லேண்ட்' (1992) பிறந்தது. 1149இல் ஏடன் திரும்பிய பென் யிஜு, தம் மகளை உடன்பிறந்தார் மகனுக்கே கொடுக்க விரும்பினார். நமக்கு அந்நியமான ஆசையா என்ன? அந்தத் திருமணம் நடந்தும் விட்டது.

ஒரு காலத்தில் இவற்றைப் படிக்கக் கேம்பிரிட்ஜ் போயாக வேண்டும், போனாலும் போதாது. ஒரே கடிதத்தின் ஒரு பாதி கேம்பிரிட்ஜில், மறு பாதி ஆக்ஸ்ஃபோர்டில் என்று இருக்கும். நியூயார்க்கிலும் செயின்ட் பீட்டர்ஸ்பர்கிலும்கூடத் துண்டுகள் உண்டு. இன்று கேம்பிரிட்ஜ் மின்நூலகத்தில் பல்லாயிரம் துண்டுகளைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். எழுத்தின் மசிக்கீற்று தெரியும்வரை பெரிதாக்கலாம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் கெனிசாத் தரவுத்தளத்தில் வணிகர் பெயரைக் கொடுத்துத் தேடினால், பல கடிதங்களுக்கு எழுத்துப்பெயர்ப்பும் ஆங்கில மொழிபெயர்ப்பும் கிடைக்கின்றன. கையெழுத்தையும் வரி இடைவெளியையும் ஒப்பிட்டு, பிரிந்த துண்டுகளைக் கணினி ஜோடி சேர்க்கிறது. பட்டியலில் டி-எஸ் என்று தொடங்கும் எண்ணைப் பார்த்தால் அது கேம்பிரிட்ஜ் துண்டு. டெய்லர், ஷெக்டர் பெயர்களின் முதலெழுத்துகள் அவை.

பென்சில்வேனியா பல்கலைக்கழக நூலகம் 2017இல் ஒரு வேலையைத் தொடங்கியது. கெனிசாத் தாளில் இருப்பது எபிரேய எழுத்தா அரபு எழுத்தா என்று பிரித்துத் தருவதற்குப் பொதுமக்களை அழைத்தார்கள். அந்த மொழிகள் தெரிந்திருக்க வேண்டியதில்லை, எழுத்தின் உருவம் பார்க்கத் தெரிந்தால் போதும். தன்னார்வலர்கள் உலகம் முழுவதிலிருந்தும் சேர்ந்தார்கள்.

(அடுத்த வாரம்: அந்த இரட்டைச் சகோதரிகள் 1892இல் சீனாய் மலை மடத்தில் கண்ட சிரியாக் சுவடி)