வானிலிருந்து வரையும் படம்



காலையில் பெரட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வேலைக்காட்டுக்குப் போகிறீர்கள். எந்த நிரையில் மட்டை மஞ்சளாகிறது, எந்தப் பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்குகிறது என்பதெல்லாம் உங்கள் மனத்தில் படமாகப் பதிந்திருக்கிறது. அதே படத்தை இன்று கணினியும் வரைகிறது. அது எப்படி என்று பார்ப்போம்.

1896-ஆம் ஆண்டில் தான் சே யான் என்பவர் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் பால்மரம் நட்டார். அந்நாளில் நிலம் அளப்பவர்கள் சங்கிலி பிடித்துக் காட்டுக்குள் நடந்தே எல்லை குறித்தார்கள். 1972-இல் அமெரிக்கா லேண்ட்சாட் வரிசையின் முதல் துணைக்கோளை ஏவியது. இப்போது ஐரோப்பியரின் செண்டினல்-2 துணைக்கோள்கள் சுமார் ஐந்து நாளுக்கு ஒருமுறை நம் தலைக்கு மேல் போகின்றன. அவை எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி என்பது பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம் உள்ள நிலம். அதில் ஒன்றிரண்டு செம்பனைதான் அடங்கும்.

பச்சை இலை உணவு சமைப்பதற்காகச் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது; கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. வாடிய இலையில் இந்த வேறுபாடு குறைகிறது. துணைக்கோள் அதை அளந்து, நலிந்த இடத்தைக் காட்டுகிறது. ஆனால் நலிவுக்குக் காரணம் கானொடெர்மா பூஞ்சையா, உரக்குறைவா, தேங்கிய நீரா என்று அதற்குத் தெரியாது. மரத்தடிக்குப் போய்ப் பார்த்துச் சொல்ல மனிதன் வேண்டும். அந்த மனிதன் நீங்கள்தான்.

மெல்லிய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதுபோல், மண், சரிவு, ஓடை, வடிகால் ஆகியவற்றைக் கணினியில் அடுக்கலாம். மறுநடவுக்காக மரங்களை அழித்த சரிவும் ஓடையும் எங்கே நெருங்குகின்றன என்பது உடனே தெரியும். மழையில் சேறு இறங்கும் இடம் அதுதான். அங்கே மூடுபயிர் போட வேண்டும். ஆற்றோரத்தில் மரங்களை விட்டுவைக்க வேண்டும். 1991-இல் டுரியான் துங்கால் நீர்த்தேக்கம் வறண்டு மலாக்கா தவித்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீரின் அருமை நமக்குத் தெரியும்.

இனி, இரண்டு மூன்று ஏக்கர் சொந்தமாக வைத்திருக்கும் குடும்பங்கள் கவனமாகக் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஒரு சட்டம் இயற்றியது. அங்கே விற்கும் செம்பனை எண்ணெயும் ரப்பரும் எந்த நிலத்தில் விளைந்தவை என்று காட்ட வேண்டும். 2020 டிசம்பர் 31-க்குப் பின் காடழித்த நிலமாக அது இருக்கக்கூடாது. அமலாகும் நாள் தள்ளிப் போனாலும், நிலத்தின் இருப்பிடத்தைக் கேட்கும் வழக்கம் வந்துவிட்டது.

மலாக்கா வடக்கே சுமார் 2 பாகையிலும் கிழக்கே சுமார் 102 பாகையிலும் இருக்கிறது. தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டாம் இலக்கத்தில் ஒன்று பிசகினால், உங்கள் நிலம் படத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். அழிக்கப்பட்ட காட்டுக்குள்கூட விழலாம். பிறகு உங்கள் குலையை வாங்கத் தயங்குவார்கள். ஆகவே, பிறர் எழுதிய எண்ணை அப்படியே நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். நிலக் கிராண்டை எடுத்துக்கொண்டு எல்லையைச் சுற்றி நடந்து, படத்தில் சரிபாருங்கள்.

படித்த பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எண் பார்க்கப் பிள்ளைக்குத் தெரியும். எல்லைக் கல் எங்கே என்று உங்களுக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் படம் சரியாக வரும்.